மூன்றாம் கேமராவின் முப்பத்தெட்டு விநாடிகள்

ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடம். வானம் மூடிக்கிடந்தது, மழை இல்லை. கடல் காற்று அன்று நெல்லித்தோப்பு வரைக்கும் வரவில்லை. காலையில் துவைத்துப் போட்ட வேட்டி ஆறு மணி நேரமாகியும் ஈரமாகவே இருந்தது. அந்த நேரத்தில்தான் எங்கள் தெருவின் கிழக்கு முனையில், பெட்டிக்கடையில் பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு வெளியே வந்த ஓர் இளைஞனை, பைக்கில் வந்த இரண்டு பேர் வெட்டிப் போட்டுவிட்டுப் போனார்கள். அவன் அங்கேயே இறந்தான். நேரத்தை இவ்வளவு சரியாகச் சொல்கிறேன் என்றால், அதைப் பதிவு செய்த கேமரா என் பொறுப்பில் இருந்தது என்பதே காரணம்.

எங்கள் தெருவில் நாற்பத்தாறு வீடுகள். அதற்கு முந்தைய ஆண்டு இரண்டு பைக்குகளும் ஒரு தண்ணீர் மோட்டாரும் திருடு போயின. தெரு நலச் சங்கத்தில் பேசி, வீட்டுக்கு அறுநூறு ரூபாய் வசூலித்து நான்கு கேமராக்கள் பொருத்தினோம். கிழக்கு முனையில் இருந்தது மூன்றாம் கேமரா. திரையையும் பதிவுப் பெட்டியையும் யார் வீட்டில் வைப்பது என்ற பேச்சு வந்தபோது எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் எப்போதும் வீட்டில் இருப்பவன். முப்பத்தொரு ஆண்டுகள் நூற்பாலையின் டைம் ஆபீஸில் உட்கார்ந்து, கேட்டுக்குள் வருபவர்களையும் வெளியே போகிறவர்களையும் நிமிடம் தவறாமல் எழுதியவன். எதையும் எண்ணாமல் விடமாட்டேன் என்று தெருவில் ஒரு பெயர். கேலியாகச் சொன்னார்களா மரியாதையாகச் சொன்னார்களா என்று நான் ஆராய்ந்ததில்லை.

என் மனைவி இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. வீட்டில் அப்போது மூன்று பேர்: நான், என் மகள், அவளுடைய ஐந்தரை வயதுப் பெண். மருமகனுக்கு ஓசூரில் வேலை. மாதத்துக்கு இரண்டு முறை வருவார். மகள் சேதராப்பட்டில் ஒரு மாத்திரைக் கம்பெனிக்குப் போகிறாள். ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் மதிய ஷிப்ட். ஆகவே பேத்தி பள்ளி விட்டு வந்தால் பெரும்பாலும் என்னிடம்தான் இருப்பாள்.

அவளுக்கு நான் வைத்திருந்த சட்டத்தையும் இங்கே எழுதிவிட வேண்டும். பொம்மைப் படம் ஒரு நாளைக்கு இருபது நிமிடம். அலாரம் வைத்து இருபதாவது நிமிடத்தில் அணைப்பேன். ஒரு நாள் கூடவே உட்கார்ந்து பார்த்து எண்ணினேன். ஏழு நிமிடத்தில் இருபத்து மூன்று அடி, நான்கு வெடி, இரண்டு பேர் மலையிலிருந்து விழுந்தார்கள். அன்றோடு அந்தப் படத்தை நிறுத்தினேன். சினிமாவிலும் தொலைக்காட்சியிலும் வரும் வெட்டு குத்து குழந்தைகளைக் கெடுக்கிறது என்று பத்திரிகைக்கு நான்கு கடிதங்கள் எழுதியிருக்கிறேன். ஒன்றைப் போட்டார்கள். அதனால் இந்த விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை ஐந்தரைக்குப் போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வந்து பென் டிரைவில் பிரதி எடுத்தார்கள். போகும்போது ஒருவர் சொன்னார், "பெரியவரே, யாருக்கும் குடுத்துடாதீங்க. எல்லாம் போன்ல போட்டு ஊரெல்லாம் சுத்த வுட்டுடுவானுங்க."

நான் யாருக்கும் கொடுக்கவில்லை. காட்டினேன்.

தெருவில் பயம் இருந்தது. வெட்டியவர்களை யாராவது அடையாளம் சொல்ல முடிந்தால் நல்லது என்று சங்கத்தில் பேச்சு வந்தது. அறுநூறு ரூபாய் கொடுத்தவர்களுக்குப் பார்க்க உரிமை இல்லையா என்றும் கேட்டார்கள். அதையும் என்னால் மறுக்க முடியவில்லை. ஆனால் முறையாகச் செய்வோம் என்று ஒரு நோட்டு போட்டேன். வரிசை எண், பெயர், வீட்டு எண், வந்த நேரம், காரணம். வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடை வைத்தேன்; செல்போனை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். காரணம் என்ற பத்தியில் முதல் நாள் வந்தவர்கள் 'அடையாளம் காண', 'பைக் நம்பர் பார்க்க' என்று எழுதினார்கள். மூன்றாம் நாளிலிருந்து பலர் 'சும்மா' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

பையன்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். பதினோரு பேர். அதையும் குறித்து வைத்திருக்கிறேன்.

"தாத்தா, ஒரே ஒரு தடவ காட்டு தாத்தா."

"உனக்கு எத்தன வயசு?"

"பதினாலு."

"பதினெட்டு முடிச்சிட்டு வா."

"அதுக்குள்ள கேஸே முடிஞ்சிடும் தாத்தா."

மற்றவர்கள் சிரித்தார்கள். நான் கதவைச் சாத்தினேன்.

எங்கள் கூடம் பன்னிரண்டுக்குப் பத்து அடி. திரைக்கு முன்னால் என் நாற்காலி. எனக்கு இடது பக்கம் ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் நாற்காலி, சின்னது. பேத்தி அதில் உட்கார்ந்து கலர் அடித்துக்கொண்டிருப்பாள். அவள் வெளியிலிருந்து வருகிறவள் இல்லை. கூடையில் போட அவளிடம் செல்போன் இல்லை. நோட்டில் எழுத அவளுக்குத் தனியாக வீட்டு எண் இல்லை. டைம் ஆபீஸிலும் அப்படித்தான். கேட்டைக் கடந்து வருபவரை எழுதுவோம். உள்ளேயே இருப்பவரை எழுதமாட்டோம்.

இன்னொன்றும் என்னை ஏமாற்றியது. கேமராவில் சத்தம் பதிவாகாது. வெடி இல்லை, அலறல் இல்லை, பின்னணி இசை இல்லை. சத்தமில்லாத ஒன்றுக்கு ஒரு குழந்தை ஏன் தலை நிமிரப் போகிறது என்று நினைத்தேன். அவள் நிமிர்ந்தாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மொத்தம் முப்பத்தெட்டு விநாடிகள். அவன் கடையிலிருந்து வருகிறான், பைக் வருகிறது, பதினோராவது விநாடியில் விழுகிறான். பால் பாக்கெட் உடைந்து சாலையில் வெள்ளையாகப் பரவுகிறது. இருபத்தாறாவது விநாடியில் பைக் போய்விடுகிறது. மீதிப் பன்னிரண்டு விநாடிகள் அவன் மட்டும் கிடக்கிறான். பார்க்க வந்தவர்களில் ஒருவரைத் தவிர யாரும் ஒருமுறையோடு விட்டதில்லை. "பின்னாடி உக்காந்திருக்கறவன் மூஞ்சிய மறுபடி காட்டுங்க" என்பார்கள். பதிவுப் பெட்டியில் பின்னோக்கி ஓட்டும் வசதி உண்டு. மவுஸை அழுத்திப் பிடித்தால், கிடந்தவன் தரையிலிருந்து எழுவான். சாலையில் பரவிய வெள்ளை சுருங்கி அவன் கைக்குள் பாக்கெட்டாகும். அவன் முதுகு முன்னால் வர நடந்து கடைக்குள் போவான். நான் மவுஸை விடுவேன். அவன் மறுபடி வெளியே வருவான்.

மூன்றாம் நாள் எதிர்வீட்டு சொல்தா வந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு வந்தவர். பென்ஷன் வாங்கும் அவரைப் போன்றவர்களை இந்த ஊரில் சொல்தா என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட இரண்டு வயது பெரியவர்.

"இன்னாய்யா, சினிமா கொட்டாய் தொறந்துட்ட. இடைவேளைக்கு முறுக்கு உண்டா?"

அவர் போனைக் கூடையில் போட்டார், கையெழுத்துப் போட்டார், ஒருமுறை பார்த்தார். மறுபடி ஓட்டச் சொல்லவில்லை. எனக்கு இடது பக்கமாகப் பார்த்தார்.

"பாப்பா இன்னா பண்ணுது இங்க?"

"கலர் அடிக்குது."

"ம்," என்றார். எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் என் வீட்டுக்கு வரவில்லை. அவருக்குக் காட்சி பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். ராணுவத்தில் இருந்தவருக்கு இது தாங்கவில்லையே என்று மகளிடம் சொல்லிக் கொஞ்சம் சிரிக்கவும் செய்தேன்.

பதினைந்தாம் தேதியும் பதினாறாம் தேதியும் விடுமுறை. பதினாறு எங்கள் ஊருக்கு மட்டும் உள்ள விடுமுறை. பிரெஞ்சுக்காரர்கள் சட்டப்படி ஊரை ஒப்படைத்த நாள். தொடர்ந்து சனி, ஞாயிறு. நான்கு நாளும் கூட்டம். அந்த நாள்களில் ஒரு நாள் பேத்தி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"போதும் தாத்தா. அந்த அண்ணா தூங்கட்டும்."

"இரும்மா, அங்கிள் பாத்துட்டிருக்காரு," என்றேன்.

இது எனக்கு அப்போது நினைவில் தங்கவில்லை. பிறகுதான் வந்தது.

பத்தொன்பதாம் தேதி திங்கட்கிழமையோடு பார்வையாளர்கள் நின்றார்கள். வெட்டியவர்கள் வேறு ஊரில், வேறு ஏதோ தகவலில் பிடிபட்டிருந்தார்கள். வந்து பார்த்த அறுபத்து நான்கு பேரில் ஒருவர்கூட ஒரு முகத்தையும் அடையாளம் சொல்லவில்லை. பைக் நம்பரும் தெரியவில்லை. கேமராவின் கோணம் அப்படி.

அடுத்த நாள், செவ்வாய்க்கிழமை. மகளுக்குக் காலை ஷிப்ட். இரண்டே முக்காலுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, வழக்கம்போல் கூடத்தில் பாய் போட்டுப் படுத்தாள். பேத்தி பள்ளியிலிருந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நாலரைக்கு மகள் எழுந்திருக்கப் போனபோது குழந்தை இரண்டு கைகளாலும் அவள் தோளை அழுத்தினாள்.

"படு. எழுந்திரிக்காத."

"விடுடி, அடுப்புல பால் வைக்கணும்."

"படும்மா."

மகள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். மறுநாளும் அதேதான். மூன்றாம் நாள் குழந்தை அவள் நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்து கத்தினாள். கழுத்தில் நகம் பட்டு இரண்டு கோடு.

"இன்னாப்பா இது புதுப் பழக்கம்? எங்கேருந்து கத்துக்கிச்சு?"

"எங்கேருந்தா? உன் போன்லேருந்து," என்றேன். "நான் இருபது நிமிஷம் குடுக்கறேன். நீ சோறு ஊட்டும்போது எவ்ளோ நேரம் குடுக்கற? கணக்கு இருக்கா?"

இருபது நிமிடத்தை நான் பூஜ்யமாக்கினேன். மகளின் போனில் இருந்த பொம்மைப் படங்களை எல்லாம் அழிக்கச் சொன்னேன். குற்றவாளியைப் பிடித்துவிட்ட நிம்மதியோடு மறுநாள் மதியம் தூங்கினேன்.

ஆகஸ்ட் இருபத்தெட்டு, புதன்கிழமை, இரண்டு மணி இருபது நிமிடத்துக்குப் பள்ளியிலிருந்து போன் வந்தது. மகள் வேலையில் இருந்தாள், நான் போனேன்.

யு.கே.ஜி. வகுப்பில் இருபத்தேழு பிள்ளைகள். மதியம் சாப்பிட்ட பிறகு முக்கால் மணி நேரம் தரையில் பாய் விரித்துத் தூங்க வைப்பார்கள். இரண்டு மணிக்கு மணி அடித்ததும் பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்திருக்கிறார்கள். என் பேத்தி எஃகுத் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு, எழுந்த பிள்ளைகளை அடித்திருக்கிறாள். நான்கு பேர். மூன்று பேருக்கு வீக்கம். நான்காவது பையனுக்குப் புருவத்தில் பிளந்து மூன்று தையல்.

"படு, படுன்னு சொல்லிக்கிட்டே அடிச்சா சார்," என்றார் ஆசிரியை. அவருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. "அழுதுகிட்டே அடிச்சா. கோவமா அடிக்கல. எனக்கு அதான் புரியல."

தலைமை ஆசிரியை குரலை உயர்த்தவில்லை. "வீட்ல என்ன பாக்கறாங்க குழந்த?"

"ஒண்ணுமே இல்லம்மா. டி.வி.யே கிடையாது. ஆறு நாளா போனும் பூஜ்யம்."

அதைச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"டாக்டர்கிட்ட காட்டி, லெட்டரோட வாங்க. அதுவரைக்கும் வேணாம்," என்றார்.

பேத்தி வராண்டாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் கிட்டே போனதும் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் வலது கையைப் பார்த்தாள்.

செப்டம்பர் மூன்றாம் தேதி, கோரிமேட்டில் பெரிய ஆஸ்பத்திரி. ஏழு நாற்பதுக்குப் போய்ச் சேர்ந்தோம்; அதற்குள் திண்டிவனம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்தவர்கள் வரிசையில் இருந்தார்கள். எங்கள் டோக்கன் ஐம்பத்தெட்டு. பதினொன்றே காலுக்குக் கூப்பிட்டார்கள். டாக்டர் இளம்பெண். எங்களிடம் இருபது நிமிடம் கேட்டார். நான் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போயிருந்தேன்: தூக்கம் எத்தனை மணி நேரம், சாப்பாடு எத்தனை கவளம், போன் எத்தனை நிமிடம். வாங்கிப் படித்தார். பிறகு ஒரு மரப்பெட்டியைத் தரையில் வைத்து, அவரும் தரையில் உட்கார்ந்துகொண்டார். பெட்டியில் பொம்மைகள்.

பேத்தி பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு ஓர் ஆண் பொம்மையை எடுத்துத் தரையில் படுக்க வைத்தாள். ஒரு கைக்குட்டையால் மூடினாள். டாக்டர் மெதுவாக அந்தப் பொம்மையைத் தூக்கி நிறுத்தப் போனார். குழந்தை அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுப்பாதீங்க."

"ஏம்மா?"

"எழுந்தா திரும்ப வெட்டுவாங்க."

"யாரு எழுப்புறாங்க?"

"தாத்தா."

பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டால் சொல்வதுபோல் சொன்னாள். என் பக்கம் திரும்பவில்லை.

"தாத்தா எழுப்புவாரு. அந்த அண்ணா பால் வாங்கிட்டு வரும். வெட்டுவாங்க, படுத்துக்கும். தாத்தா மறுபடி எழுப்புவாரு. நான் வேணான்னு சொன்னேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: கேமரா, சங்கம், நோட்டு, கூடை. சொல்லச் சொல்ல, அது எனக்கே வேறு யாரோ செய்த வேலைபோல் கேட்டது. பையன்களைத் திருப்பி அனுப்பினேன் என்பதை மட்டும் இரண்டு முறை சொன்னேன்.

"நமக்கு அது ஒரு தடவ நடந்தது சார்," என்றார் டாக்டர். "அவளுக்கு, நீங்க எத்தன தடவ ஓட்டுனீங்களோ அத்தன தடவ நடந்திருக்கு. எழுந்தாத்தான் வெட்டுறாங்க. அதான் யாரையும் எழுந்திரிக்க விட மாட்டேங்கறா."

வெளியே பஸ் நிறுத்தத்தில் நிழல் இல்லை. மகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். ஐந்தரை வயதுப் பிள்ளையை அவள் தூக்கி நான் பார்த்து இரண்டு வருஷம் இருக்கும். இரண்டு பஸ் போனது, ஏறவில்லை.

"எத்தன தடவப்பா?"

"இன்னா?"

"எத்தன தடவ ஓட்டுன? உனக்குத் தெரியாம இருக்காது."

"நாப்பத்தொண்ணு," என்றேன். "ஒவ்வொரு தடவைக்கும் ஒண்ணு ரெண்டு பேர் சேந்து பாத்தாங்க."

"இவள எந்த வரில எழுதின?"

மூன்றாவது பஸ்ஸில் ஏறினோம்.

வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு காட்சிக்கும் நேரம் எழுதியிருந்ததால் கணக்கு சுலபமாகத்தான் இருந்தது. அவள் பள்ளியில் இருந்த நேரத்தில் ஓட்டியவை ஒன்பது. மீதி முப்பத்திரண்டு. நடுவில் பின்னோக்கி ஓட்டியவற்றுக்குக் கணக்கில்லை. அவற்றை நான் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் சங்கத்தில் சொல்லித் திரையையும் பெட்டியையும் வேறு வீட்டுக்கு மாற்றினேன். மகளிடம் போய்ச் சொன்னேன்.

"அத எடுத்துட்டா ஆயிடுச்சாப்பா? நீ கூடத்துக்கு வந்தாலே உன் கையப் பாக்கறா. எதனா அழுத்தப் போறியான்னு பாக்கறா."

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவள் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டாக்டரின் கடிதத்தை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனோம். தையல் போட்ட பையனின் அப்பா அங்கே இருந்தார். மருத்துவச் செலவை நான் ஏற்கெனவே கொடுத்திருந்தேன். அவர் சத்தம் போடவில்லை. "என் புள்ள இப்ப தூங்கவே மாட்டேங்குது சார். படுக்கச் சொன்னா, எழுந்தா அடிப்பாங்கன்னு அழுவுது," என்றார். அதற்குப் பிறகு பேத்தியை அங்கே திரும்பச் சேர்க்கச் சொல்லிக் கேட்பதற்கில்லை. மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு வந்தோம்.

அக்டோபர் இரண்டாம் வாரம் மகள் லாஸ்பேட்டையில் ஒரு வீடு பார்த்துக்கொண்டு போனாள். கம்பெனி வண்டி அந்தப் பக்கம் வருகிறது என்றாள். மதியம் தூங்க வைக்காத பள்ளி ஒன்றும் அங்கே கிடைத்தது. ஷிப்ட் நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள மாடி வீட்டு அம்மாவிடம் பேசி வைத்திருந்தாள். என்னை வரச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சாமான்கள் ஏற்றும்போது சொல்தா தன் வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டே வந்து, "அன்னைக்கே வாயத் தொறந்து சொல்லியிருக்கணும்யா நானு," என்றார்.

ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிய இடத்தில், பொம்மைகளை வைத்துக் குழந்தைகளைப் பேசவைக்கும் ஓர் அம்மையார் இருக்கிறார். பத்து வாரம் பேத்தியை அழைத்துப் போனார்கள். பொம்மையைத் தூக்கி நிறுத்தினால் இப்போது விட்டுவிடுகிறாளாம். மனிதர்களை இன்னும் விடுவதில்லையாம்.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு நான் லாஸ்பேட்டைக்குப் போனேன். தரையில் உட்கார்ந்தேன். அவள் தூரத்தில் இருந்தாள், பிறகு கொஞ்சம் கிட்டே வந்தாள், பிறகு தன் கலர் நோட்டை எடுத்து வந்து என் முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். ஒன்றரை மணி நேரம் அப்படிப் போனது. எனக்கு உள்ளுக்குள் நம்பிக்கை வந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று, தரையில் கையூன்றி எழுந்தேன்.

அவள் என் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தாள். பொத்தான் ஒன்று தெறித்தது.

"எழுந்திரிக்காத தாத்தா."

அவள் அழவில்லை. வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள், பைக் வருகிறதா என்று பார்ப்பதுபோல். என்னையும் அவள் அந்த அண்ணனோடு சேர்த்துவிட்டாள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"நீ கொஞ்ச நேரம் உக்காருப்பா," என்றாள் மகள், சமையல்கட்டிலிருந்து. குரலில் கோபம் இல்லை. அதற்கு முந்தைய மூன்று மாதங்களில் அவள் என்னிடம் சொன்ன முதல் அன்பான வார்த்தை அது.

நான் உட்கார்ந்தேன். மூன்றே முக்கால் வரைக்கும், அவள் தானாகத் தூங்கும் வரைக்கும், தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். மூட்டு மரத்துப்போய், எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. சத்தமில்லாமல் எழுந்தேன். அதற்குப் பிறகு, போனால் எழுந்து வர வேண்டியிருக்கிறதே என்று, நான் அங்கே போவதைக் குறைத்துக்கொண்டேன்.

செலவையும் எழுதி வைத்திருக்கிறேன். பையனின் தையலுக்கு நாலாயிரத்து இருநூறு. பொம்மை வைத்துப் பேசவைக்கும் அம்மையாருக்குப் பத்து முறைக்கு ஒன்பதாயிரம். ஆட்டோ பதினான்கு முறை, இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபது. புதுப் பள்ளிக்கு இருபத்தெட்டாயிரத்து ஐந்நூறு. லாஸ்பேட்டை வீட்டுக்கு முன்பணம் அறுபதாயிரம். மகள் வேண்டாம் என்றாள், மருமகன் வாங்கிக்கொண்டார். சாமான் ஏற்றிய வண்டிக்கு மூவாயிரத்து ஐந்நூறு. கோரிமேட்டில் காசு வாங்கவில்லை. ஆக மொத்தம் ஒரு லட்சத்து ஏழாயிரத்து எழுநூற்று இருபது ரூபாய்.